மரக்காது

அந்த நிறுவனத்தில் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பது, சேர்ந்த முதல் நாளே கழிப்பறை எங்கே என்று கேட்டபோது பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வரவேற்பு மேசைப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "கழிப்பறை எங்கேன்னு தெரியாதது உங்களைத் தவிக்க வைக்குது, இல்லையா?" என்றாள்.

தவிக்கத்தான் வைத்தது. பல்லக்கா அதை ஒப்புக்கொண்டாள். அந்தப் பெண் கண்களில் நீர் தளும்பத் தலையாட்டினாள். கழிப்பறை இடதுபக்கம் இரண்டாவது கதவு என்பதைப் பிறகு துடைப்பத்தோடு வந்த ஒருவர் சொன்னார். அவர் பயிற்சி பெறாதவர்.

மனக்கவலையோடு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஆலோசகர்களை உருவாக்குகிற நிறுவனம் அது. பல்லக்கா அதற்கு முன் பல வருஷம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை பார்த்தவள். அதனால்தான் வகுப்பில் இந்தப் பெயர். கன்னம் வீங்கி வருகிறவர்கள் எல்லாம் தங்கள் முறை வருவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் அவளிடம் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வாயைத் திறக்க முடியாதவர்கள்கூட எப்படியோ கொட்டிவிடுவார்கள். இதையே முறையாகப் படித்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. வேலை, கல்யாணம், வீடு எல்லாமே யாரோ பார்த்துவைத்துத்தான் அவளுக்கு அமைந்தன. இந்தப் படிப்பு ஒன்றுதான் அவளாகத் தேர்ந்தெடுத்தது. அதனால் அதன்மீது அவளுக்கு உயிர்.

மாணவர்களுக்கு நிறுவனம் எந்தக் குறையும் வைக்கவில்லை. சேர்ந்த அன்றே ஆளுக்கு ஓர் ஆதரவுப் பை கொடுத்தார்கள். அதில் பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து, மூச்சை எப்போது இழுப்பது எப்போது விடுவது என்று சொல்லும் அட்டை, வாசனை மெழுகுவத்தி, 'நீங்கள் தனியாக இல்லை' என்று அச்சடித்த பீங்கான் குவளை எல்லாம் இருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக மரக்காது இருந்தது.

மரக்காது என்பது உள்ளங்கையில் அடங்காத அளவுக்குத் தேக்கில் செதுக்கிய ஒரு காது. ஆதரவு வட்டம் கூடும்போது அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். குறுக்கே பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது. "இந்த விதி எனக்கும் பொருந்தும்" என்று இயக்குநர் முதல் நாள் உரையில் சொன்னார். "இந்த விதியாலதான் இங்க யாரோட குரலும் கேட்கப்படாம போனதே இல்ல." அவர் பேச ஆரம்பித்தபோது ஒரு சுவரில் இருந்த வெயில், முடித்தபோது எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. மரக்காது அதுவரை அவர் கையிலேயே இருந்தது. அதற்கடுத்த வட்டங்களிலும் அங்கேயேதான் இருந்தது.

மாணவர்கள் பழகுவதற்காக, இலவச ஆலோசனை என்று சொல்லி வெளி ஆட்களை வரவழைப்பார்கள். பல்லக்காவுக்குக் கிடைத்தவர் ஒரு தையல்காரர். பெண்களுக்குத் துணி தைக்கிறவர். அவர் தைத்ததற்கெல்லாம் கொக்கியும் பித்தானும் வைத்துக் கொடுத்தது அவர் மனைவி. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு கொக்கி இல்லாத துணிகள் கடையில் குவிந்துகிடந்தன. முதல் வாரம் இவ்வளவும் சொன்னதோடு சரி, அதன்பிறகு அவர் பேசவில்லை. அவர் வாரா வாரம் வருவார், உட்காருவார், கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை விரலில் சுற்றுவார், பிரிப்பார், போவார். பல்லக்காவும் புத்தகத்தில் சொன்னபடி சும்மா இருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் டேப்பை அழகாகச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. இனிமே எனக்கு வேண்டாம்."

"ஏங்கய்யா, கடை?"

"கடை என்ன கடை." எழுந்து போய்விட்டார்.

பல்லக்கா டேப்பைக் கையில் எடுத்தாள். போன தேர்வில்தான் எழுதியிருந்தாள்: ஒருவர் தனக்கு வேண்டிய பொருளை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கலாம், மேற்பார்வையாளரிடம் உடனே சொல்ல வேண்டும். முழு மதிப்பெண். வாசல்வரை ஓடினாள். வாசலில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. பயிற்சி ஆலோசகர் தன்னிடம் வந்தவரைத் தொடர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, மேற்பார்வையாளர் அனுமதி இல்லாமல் போனும் பண்ணக் கூடாது. மீறினால் படிப்பு ரத்து. கோட்டில் கால்விரல் படாமல் நின்று அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாள். டேப்பைப் புரட்டினால், அதன் பின்பக்கம் கடைக்காரர்கள் வழக்கமாக எழுதிவைப்பதுபோல அவருடைய போன் நம்பர் மையால் எழுதியிருந்தது.

மேற்பார்வையாளர் மேடத்தின் அறைக் கதவு பூட்டியிருந்தது. கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'சுயபராமரிப்பு விடுப்பில் இருக்கிறேன். உங்கள் பதற்றம் எனக்கு முக்கியம்.' அட்டைக்குக் கீழே ஒரு கூடையில் ரப்பர் பந்துகள் இருந்தன.

மாணவர் நல அலுவலர் தன் அறையில் இருந்தார். பல்லக்கா உள்ளே போனதும் எழுந்து நின்று வரவேற்றார். மின்விசிறியைக் குறைத்தார். மெழுகுவத்தி ஏற்றினார்.

"ஆதரவு தேடி வந்திருக்கீங்க. அதுக்கே ஒரு துணிச்சல் வேணும். சொல்லுங்க, ஆதரவு அவசரமா வேணுமா, நிதானமா வேணுமா?"

"அவசரம்தாங்க."

அலுவலர் முகம் வாடியது. "அவசரமா ஆதரவு வேணும்னா, நீங்க அடுத்தவங்களுக்கு ஆதரவு குடுக்கிற நிலைமையில இல்லன்னு ஆகுது. தகுதிக் குழுவுக்கு அனுப்பணும். அவங்க உங்களைப் படிப்பிலேர்ந்து நிறுத்தி வைப்பாங்க. நிறுத்திட்டா நீங்க மாணவி இல்ல. மாணவி இல்லாதவங்களுக்கு இங்க ஆதரவு குடுக்க வழி இல்ல."

"அப்ப நிதானமாவே வேணுங்க."

"நிதானமா வேணும்னா இப்போதைக்குத் தேவை இல்லைன்னுதானே அர்த்தம்?" அலுவலர் முகம் மலர்ந்தது. கை கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம்."

"சார், எனக்கு இல்ல. ஒரு தையல்காரர் இருக்கார். அவர் ஏதாவது பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்கு. அவருக்கு நான் போன் பண்ணணும். பண்ணலாம்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவர் நம்ம மாணவரா?"

"இல்ல."

"பாருங்க, அவருக்கு மாணவர் நல அலுவலரே கிடையாது." அலுவலர் சற்று நேரம் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு வருத்தமான விஷயம். இதைச் சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?"

எப்படி இருந்தது என்று பல்லக்கா சொல்லவில்லை. சொன்னால் தகுதிக் குழுவுக்குப் போயிருக்கும். அலுவலர் அவள் கையில் இன்னொரு குவளையைக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நடைபாதைச் சுவரில் மாணவர்களுக்கான ஆதரவு இணைப்பின் எண் ஒட்டியிருந்தது. எந்த நேரமும் அழைக்கலாம். பல்லக்கா அழைத்தாள். அடுத்த அறையில் மணி அடித்தது.

"ஆதரவு இணைப்பு. நீங்க தனியா இல்ல."

அது வகுப்பில் முதலாவதாக வரும் பையனின் குரல். எதைச் சொன்னாலும் "ம்ம்" என்பான். கேட்டல் திறனில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. எல்லோரும் அவனை 'உம்' என்றே கூப்பிடுவார்கள்.

"தம்பி, நான்தான், பல்லக்கா."

"பேர் சொல்லக் கூடாது. ரகசியம்."

"கதவுக்கு வெளியதான் நிக்கிறேன். உன் செருப்பு தெரியுது."

"ம்ம்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சரியான இடங்களில் "ம்ம்" என்றான். போனில் கொஞ்சம் முன்னாலும் கதவு வழியாகக் கொஞ்சம் பின்னாலுமாக இரண்டு தடவை கேட்டது.

"போன் பண்ணட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை சொல்லு."

"ம்ம்."

"இது எந்த ம்ம்?"

 பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, நான் வழி சொல்லக் கூடாது. சொன்னா மார்க் போயிடும். ஆனா கட் பண்ணிடாதீங்கக்கா. இன்னும் கொஞ்ச நேரம் பேசினீங்கன்னா எனக்கு இந்த மாசப் பயிற்சி நேரம் முடிஞ்சிடும்" என்றான்.

பாவம், அவனும்தான் என்ன செய்வான் என்று பல்லக்கா கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் அவள் கணவர் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேசையில் டேப்பைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அட, டேப்பா! அலமாரி அளக்கணும்னு நாலு நாளா தேடிக்கிட்டிருக்கேன்."

"அதைத் தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நியாயமான மனிதர், யோசித்தார். "உங்க மேடத்தைக் கேளு."

"மேடம் லீவு."

"அப்ப லீவு முடிஞ்சு வந்ததும் கேளு."

அதற்குமேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. அலமாரியைக் கையால் சாண் போட்டு அளக்கப் போனார். பல்லக்கா போனை எடுத்து, டேப்பில் இருந்த நம்பரில் கடைசி எண்ணைத் தவிர மற்றதையெல்லாம் அழுத்தினாள். அழித்தாள். மறுபடி அழுத்தினாள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, நாளைக்கு வட்டத்தில் இயக்குநரே இருப்பார், அவரிடம் அனுமதி வாங்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. படுத்தும் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை காலை ஆதரவு வட்டம். நாற்காலிகள் வட்டமாக இருந்தன. அலுவலர்கள் வந்திருந்தார்கள், மாணவர்கள் வந்திருந்தார்கள், வரவேற்பு மேசைப் பெண்கூட வந்திருந்தாள். பல்லக்கா இயக்குநரைப் பேச்சுக்கு முன்பே பிடித்துவிட ஓடினாள். "சார், ஒரே நிமிஷம்" என்றாள். அவர் புன்னகையோடு தன் கையிலிருந்த மரக்காதைக் காட்டினார். அது அவர் கையில் இருந்தது, அவள் கையில் இல்லை. அவள் உட்கார்ந்தாள்.

"நண்பர்களே," என்றார் இயக்குநர். "ஒரு நல்ல செய்தியோடு ஆரம்பிக்கிறேன். நம்ம ஆதரவு மையத்தைத் தேடி வர்ற மாணவர்கள் போன வருஷம் பாதியாக் குறைஞ்சிருக்காங்க. இந்த வருஷம் அதுலயும் பாதியாக்குவோம். ஒருத்தர்கூட ஆதரவு தேடி வராத நாள்தான் நம்ம ஆதரவுப் பணியோட வெற்றி நாள்."

கைகள் மடியில் இருக்க வேண்டும் என்பதால் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் கண்களால் பாராட்டினார்கள்.

"சிலர் கேட்கிறாங்க, கேட்கிறவங்களை யார் கேட்கிறதுன்னு. அருமையான கேள்வி. அதைக் கேள்வியாவே வச்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன். என்னையே எடுத்துக்கோங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் நான் எதையும் சொன்னதில்ல. சொல்லணும்னு தோணும். தோணாம இருக்குமா? ராத்திரியில அதிகமாத் தோணும். அப்ப அந்த அட்டையை எடுத்து மூச்சுப் பயிற்சி செய்வேன். போயிடும். மறுநாள் திரும்ப வரும். திரும்பவும் செய்வேன். அதான் பயிற்சி."

அவர் நிறுத்தி, குவளையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நெடுநேரம் மேலே பேசினார். கடைசியில் நன்றியுரை வந்தது. ஆதரவு பெற்ற மாணவர் ஒருவர் நன்றி சொல்வது வழக்கம். அந்த மாதத்தில் ஆதரவு தேடி வந்து, தனக்கு அது தேவையில்லை என்று தெளிந்து போன ஒரே மாணவி பல்லக்காதான் என்று மாணவர் நல அலுவலர் எழுதிக் கொடுத்திருந்தார். இயக்குநர் எழுந்துவந்து மரக்காதை அவள் இரண்டு கைகளிலும் வைத்தார்.

அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பல்லக்கா சுற்றிப் பார்த்தாள். அத்தனை பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது கையில் இருக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காதை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். டேப்பை எடுத்து மடியில் விரித்து, போனில் நம்பரை அழுத்தினாள். கடைசி எண்ணையும் அழுத்தினாள்.

மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"யாரு?"

"நான்தாங்கய்யா. வாரா வாரம் உங்க எதிர்ல உக்காந்திருப்பேனே, அந்த அம்மா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. 

"நேத்திலேர்ந்து போனைப் பக்கத்துலயே வச்சிருந்தேம்மா," என்றார் தையல்காரர். "டேப்புல நம்பர் இருக்கு, பார்ப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம், அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு விட்டுட்டேன்."

பல்லக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். 

"ஐயா, நான் நேரா கேக்கறேன். நீங்க சாகணும்னு நினைக்கிறீங்களா?"

மாணவர் நல அலுவலரின் நாற்காலி கிரீச்சிட்டது. அந்த நிறுவனத்துக்குள் அவ்வளவு நேரான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"ஆமாம்மா," என்றார் தையல்காரர்.

"எங்க இருக்கீங்க?"

"கடையில. ஷட்டரை இழுத்து விட்டுட்டு உள்ள உக்காந்திருக்கேன்."

"ஷட்டரைத் தூக்குங்க. போனைக் கட் பண்ணாதீங்க. தூக்குற சத்தம் எனக்குக் கேக்கணும்."

 அப்புறம் தடதடவென்று ஷட்டர் ஏறுகிற சத்தம் அந்த அறைக்குள் கேட்டது. உம் தன்னை மறந்து "அப்பாடா" என்றான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

"பக்கத்துக் கடையில யாரு?"

"சாவி போடுறவரு."

"அவர்கிட்ட போய் உக்காருங்க. நான் கிளம்பி வர்றேன்."

"நீங்க எதுக்கும்மா?"

"கொக்கி தைக்க. அவ்வளவும் குவிஞ்சு கிடக்குன்னு சொன்னீங்கல்ல?"

அவள் எழுந்தாள். இயக்குநர் வாயைத் திறந்தார். காது அவள் அக்குளில் இருந்தது. வாயை மூடினார். பல்லக்கா போனைக் காதில் வைத்தபடியே வட்டத்தைக் கடந்து, நடைபாதையைக் கடந்து, மஞ்சள் கோட்டின்மேல் நன்றாக மிதித்துத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடினாள்.

கடையில் அவள் முதலில் செய்த வேலை, தையல்காரருக்கு ஒரு மகள் இருப்பதைக் கேட்டறிந்து, நம்பரை அவரிடமே வாங்கி மகளுக்குப் போன் போட்டதுதான். மகள் வந்துசேரும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து கொக்கி தைத்தார்கள். பல்லக்கா தைத்த முதல் கொக்கியை அவர் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா பாதி வழியில அவிழும்மா" என்று பிரித்துக் கொடுத்தார். அதன்பிறகு மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதுவரை பேசாத அத்தனை வாரத்துக்கும் சேர்த்துப் பேசினார். பல்லக்கா ஊசியில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டாள், நடுநடுவே கேள்வியும் கேட்டாள். மகள் வந்ததும் மூன்று பேருமாக மருத்துவமனைக்குப் போய், டாக்டர் அவரைச் சேர்த்துக்கொண்ட பிறகு டேப்பை மகளிடம் கொடுத்தாள். பையில் கைவிட்டபோதுதான், ஓடும்போது உள்ளே போட்டுக்கொண்ட மரக்காது இன்னும் தன்னிடமே இருப்பது தெரிந்தது.

திரும்பி வந்தபோது சாயங்காலம். வட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

காது அறையில் இல்லை, ஆகவே யாராலும் வட்டம் முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. சொல்லாமல் எழுந்திருக்கவும் விதியில் இடமில்லை. மத்தியானம் துடைப்பக்காரர் எட்டிப்பார்த்து "சாப்பிடப் போகலையா?" என்று கேட்டாராம். யாரும் பதில் சொல்லாததால், வழக்கம்தானே என்று போய்விட்டாராம். உம்மின் முகம் சிவந்து, கால்கள் பின்னியிருந்தன. இடதுபக்கம் இரண்டாவது கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பல்லக்கா காதை இயக்குநரிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். வழக்கமாக அது கைக்கு வந்த மறுகணமே பேச ஆரம்பித்துவிடுவார். இப்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"இன்னைக்கு நடந்தது, நம்ம ஆதரவு அமைப்பு எவ்வளவு உறுதியானதுன்னு காட்டுது. ஒருத்தர்கூட எழுந்து போகல. அந்த மாணவி எல்லையைத் தாண்டியிருக்காங்க. அனுமதி இல்லாம அழைச்சிருக்காங்க. ரகசியத்தைக் காப்பாத்தல. நேரடியாக் கேள்வி கேட்டிருக்காங்க. துணி தைச்சிருக்காங்கன்னும் தெரியுது. அவங்க படிப்பு இந்த நிமிஷத்தோட ரத்து. இந்தப் பிரிவு அவங்களுக்கு வலிக்கும். அதுக்கு ஆதரவு தேவைப்பட்டா..." அவர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் தலையை அசைத்தார். "தேவைப்படாதுன்னு நம்புறோம். வட்டம் முடிஞ்சது."

உம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான்.

பல்லக்கா அழுதாள். ஆதரவுப் பையை வரவேற்பு மேசையில் ஒப்படைத்தாள். இரண்டு குவளைகளில் ஒன்றை மட்டும், பல்லக்கா கேட்காமலே, அந்த மேசைப் பெண் திருப்பிக் கொடுத்தாள். ஒரு கணம் தயங்கி, "நீங்க பண்ணினது சரிக்கா" என்றாள். சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

மஞ்சள் கோட்டருகே பல்லக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வேகமாக யாரோ வரும் சத்தம். இயக்குநர். கையில் மரக்காது இல்லை.

"அந்தத் தையல்காரர் எப்படி இருக்கார்?"

"டாக்டர்கிட்ட இருக்காருங்க. மக கூட இருக்கா."

"நல்லது. நல்லது." அவர் போகவில்லை. சட்டைப் பித்தானைத் திருகினார். "அவர்கிட்ட நேராக் கேட்டீங்களே. அந்த மாதிரி வேற யாரையாவது போன் பண்ணிக் கேப்பீங்களா?"

"யாரைங்க?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

"நம்பர் சொல்லுங்க."

இயக்குநரின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. "நம்பர் கேக்கணும்னு உங்களுக்கு ஏன் தோணுதுன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தலையை நிமிர்த்தினார். பிறகு நடைபாதையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தன்னுடைய நம்பரை ஒவ்வோர் எண்ணாக, மெதுவாகச் சொன்னார். பல்லக்கா போனில் ஏற்றிக்கொண்டாள்.

"எப்பங்க கூப்பிடட்டும்?"

"ஒண்ணும் அவசரமில்ல. உங்களுக்கு எப்ப முடியுமோ, அப்ப." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு ராத்திரி முடியுமா?"